கேள்வி கேட்கக் கற்பித்த கணினி: நோயறிதல் பயிற்சியின் நாற்பது ஆண்டுகள் (1959–1999)

(சற்று நீண்ட பதிவு. மருத்துவக் கல்வி, அறிவியல் வரலாறு, கணினியியல் ஆகிய துறைகளின் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதியது.)

நோயாளியின் விவரங்களைத் தட்டச்சு செய்தால் சில நொடிகளில் நோய்ப் பட்டியலைத் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இன்று மருத்துவ மாணவர்களின் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. அவை மருத்துவரை விஞ்சுமா என்ற விவாதம் எங்கும் நடக்கிறது. அவற்றோடு பழகும் மாணவர் நோயறியக் கற்றுக்கொள்வாரா என்ற வினா அந்த அளவுக்கு எழுப்பப்படுவதில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு வினாக்கள் என்பதை மருத்துவக் கல்வி முன்பே ஒருமுறை பெரும் உழைப்பின் முடிவில் கண்டறிந்திருக்கிறது. 1959க்கும் 1999க்கும் இடையில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நடந்த முயற்சிகள் அதற்குச் சான்று. சரியான விடையைச் சொல்லும் கணினி அதனாலேயே நல்ல ஆசிரியராகிவிடவில்லை. மாணவரைக் கேட்கவைத்து, தம் முடிவை முன்கூட்டியே சொல்லவைத்து, விளைவை அவருக்குத் திரும்பத் தெரிவித்த ஏற்பாடுகளே பயன் தந்தன. இப்பதிவின் வாதம் இதுதான்.

1. கட்டிலருகே கற்றலும் அதன் குறையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வில்லியம் ஆஸ்லர் மாணவர்களை விரிவுரைக் கூடத்திலிருந்து நோயாளியின் கட்டிலருகே அழைத்து வந்தார். இன்றுவரை மருத்துவக் கல்வியின் அடித்தளம் அதுவே. எனினும் அம்முறைக்கு ஒரு குறை உண்டு. ஆசிரியர் நோயாளியிடம் நான்கு கேள்விகள் கேட்கிறார், வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார், நோயின் பெயரைச் சொல்கிறார். அந்த நான்கு கேள்விகளை ஏன் தேர்ந்தார், ஐந்தாவதை ஏன் கேட்கவில்லை என்பது மாணவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆசிரியரிடமே கேட்டாலும் அனுபவம் என்ற ஒற்றைச் சொல்லே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும்.

தேர்விலும் இதே சிக்கல் இருந்தது. அமெரிக்காவின் தேசிய மருத்துவத் தேர்வு வாரியம் நெடுங்காலமாகக் கட்டிலருகே வாய்மொழித் தேர்வு நடத்திவந்தது. ஒரே மாணவரை இரு தேர்வாளர் தனித்தனியே மதிப்பிட்டால் அவர்கள் தந்த மதிப்பெண்களுக்கிடையே ஒப்புமை மிகக் குறைவாக இருந்ததை ஜான் ஹப்பர்டின் தலைமையில் அவ்வாரியம் கண்டது. மாணவரின் திறனைவிட அவருக்கு வாய்த்த நோயாளியும் தேர்வாளரும் மதிப்பெண்ணைத் தீர்மானித்தனர். எனவே 1960களின் முற்பகுதியில் அத்தேர்வு கைவிடப்பட்டது. அதனிடத்தில் வந்தவற்றுள் ஒன்று ‘நோயாளி மேலாண்மைச் சிக்கல்’ என்ற தாள்வழித் தேர்வு.

அதன் அமைப்பு எளியது. நோயாளி எந்த முறையீட்டோடு வந்தார் என்பதைச் சில வரிகள் சொல்லும். கீழே, அடுத்துச் செய்யக்கூடியவற்றின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றின் எதிரிலும் மறைக்கப்பட்ட ஒரு கட்டம். மாணவர் தாம் தேர்ந்ததன் மறைப்பை அழித்தால் அதன் முடிவு தெரியும்: இரத்த அணுக்களின் எண்ணிக்கை இவ்வளவு, எக்ஸ்ரே படத்தில் இன்னது தெரிகிறது என்று. அழித்ததை மீண்டும் மறைக்க இயலாது. எடுத்த முடிவிலிருந்து பின்வாங்க முடியாத நிலையைத் தேர்வுத்தாள் ஒன்று உருவாக்கியது இதனால்தான். கணினி வருமுன்பே ஊடாடும் பயிற்சியின் கரு இங்கே உருவாகிவிட்டது.

2. 1959: நோயறிதலைக் கணக்காகப் பார்த்தல்

1959ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் ராபர்ட் லெட்லி, லீ லஸ்டெட் ஆகிய இருவரும் மருத்துவ நோயறிதலின் தர்க்க அடிப்படைகள் குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். லெட்லி பல் மருத்துவமும் இயற்பியலும் பயின்றவர். லஸ்டெட் கதிரியக்க மருத்துவர். நோயறிதலுக்குள் மூன்று வேலைகள் நடப்பதாக அவர்கள் பிரித்துக் காட்டினர். எந்த நோய்கள் சாத்தியம் என்பதைக் குறியீட்டுத் தர்க்கம் சொல்லும். சாத்தியமானவற்றுள் எது எந்த அளவு வாய்ப்புடையது என்பதை நிகழ்தகவு, குறிப்பாகப் பேயஸ் தேற்றம், சொல்லும். எந்தச் சிகிச்சையின் பயனும் இழப்பும் எவ்வளவு என்பதை மதிப்புக் கோட்பாடு சொல்லும்.

இக்கட்டுரை பொதுவாகக் கணினிவழி நோயறிதலின் பிறப்பிடமாகப் போற்றப்படுகிறது. கல்வி வரலாற்றின் நோக்கில் அதன் பொருள் சற்று வேறு. மருத்துவரின் உள்ளுணர்வு என்று விடப்பட்டிருந்த ஒன்றைப் படிப்படியாகப் பிரித்து எழுத முடியும் என்று அது வாதிட்டது. பிரித்து எழுத முடிந்தால் அதைக் கற்பிக்கவும் முடியும் என்ற நம்பிக்கை அதிலிருந்து பிறந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகள் அந்த நம்பிக்கையைச் சோதித்த காலம் எனலாம்.

3. உரையாடும் நிரல்கள்

1960இல் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் அர்பானா வளாகத்தில் டொனால்ட் பிட்ஸர் ‘பிளேட்டோ’ என்ற கணினிவழிக் கற்பித்தல் அமைப்பை உருவாக்கினார். அதை மருத்துவத்துறைக்கு முதலில் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் செவிலியரான மேரியன் பிட்ஸர். மாரடைப்புக்குள்ளான நோயாளியைப் பேணும் பாடத்தை அவர் பிளேட்டோவில் அமைத்தார். பாடத்தைப் படித்துவிட்டு வினாவுக்கு விடையளிக்கும் முறை அதில் இல்லை. நோயாளியைப் பற்றி எதை அறியவேண்டும் என்பதை மாணவியே தீர்மானித்து, அத்தகவலைத் தானே தேடிப் பெறவேண்டும். கணினியும் மருத்துவக் கல்வியும் சந்தித்த வரலாற்றில் செவிலியர் கல்விக்கு உரிய இந்த முன்னிடம் பெரும்பாலும் குறிப்பிடப்படாமல் விடப்படுகிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த போல்ட், பெரனெக் அண்ட் நியூமன் நிறுவனத்தில் வாலஸ் ஃபோய்ர்ட்ஸைக்கும் ஜான் ஸ்வெட்ஸும் ‘சாக்ரட்டிக் அமைப்பு’ என்ற நிரலை வடித்தனர். 1964இல் மருத்துவக் கல்வி இதழிலும், 1965இல் ‘சயின்ஸ்’ இதழிலும் அது பற்றிய கட்டுரைகள் வெளிவந்தன. பின்னாளில் குழந்தைகளுக்கான ‘லோகோ’ கணினி மொழியை உருவாக்கியவர்களுள் ஒருவர் இதே ஃபோய்ர்ட்ஸைக் என்பது நினைவுகொள்ளத் தக்கது.

சாக்ரட்டிக் அமைப்பில் மாணவருக்கு ஒரு நோயாளியின் தொடக்க விவரம் மட்டும் தரப்படும். கேட்கக்கூடிய கேள்விகளும் சொல்லக்கூடிய நோய்ப் பெயர்களும் அடங்கிய சொற்பட்டியல் ஒன்று கையில் இருக்கும். மாணவர் தட்டச்சு முனையத்தில் கேள்வியை அடித்தால் கணினி விடையை அடித்துத் தரும். ஒரே கேள்விக்கு எப்போதும் ஒரே விடை என்ற நிலை அதில் இல்லை. அதுவரை மாணவர் எவற்றைக் கேட்டிருக்கிறார் என்பதை நினைவில் வைத்து நிரல் எதிர்வினை ஆற்றும். போதிய ஆதாரம் திரட்டாமல் நோயின் பெயரைச் சொன்னால், அந்தப் பெயர் சரியாகவே இருந்தாலும், இன்னும் அதைச் சொல்லும் உரிமை உமக்கு வரவில்லை என்ற வகையில் அது மாணவரைத் தடுக்கும். சரியான விடைக்கும் நியாயப்படுத்தப்பட்ட விடைக்கும் உள்ள வேறுபாட்டை இயந்திரம் ஒன்று மாணவருக்கு உணர்த்த முயன்றது இங்கேதான்.

1960களின் பிற்பகுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் மூன்று மையங்கள் இம்முயற்சியைப் பெரிய அளவில் தொடர்ந்தன. பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஆக்டோ பார்னெட்டின் ஆய்வகம். சிகாகோவில் இல்லினாய்ப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி. கொலம்பஸில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம். பார்னெட்டின் ஆய்வகத்தில் உருவான ‘மம்ப்ஸ்’ என்ற கணினி மொழி, பலர் ஒரே நேரத்தில் ஒரு கணினியோடு உரையாட வழிசெய்தது. சிகாகோவில் வில்லியம் ஹார்லஸ் குழுவினர் உருவாக்கி 1971இல் அறிவித்த ‘கேஸ்’ என்ற நிரல் மேலும் ஒரு படி சென்றது. அதில் சொற்பட்டியல் கிடையாது. மாணவர் தம் சொந்தச் சொற்களில் நோயாளியிடம் கேள்வி கேட்கலாம். நிரல் அச்சொற்றொடரிலுள்ள முக்கியச் சொற்களைக் கொண்டு பொருளை ஊகித்து நோயாளியாக விடை சொல்லும்.

இந்த வேறுபாடு சிறியதன்று. பட்டியலில் ஒரு கேள்வி எழுதப்பட்டிருந்தால், அதைக் கேட்கவேண்டும் என்ற நினைவூட்டலும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. உண்மையான நோயாளி பட்டியலோடு வருவதில்லை. கேள்வியை நினைவுகூர்வது நோயறிதலின் பாதி வேலை. பட்டியலை நீக்கியபோது ஹார்லஸ் குழுவினர் அந்தப் பாதியை மாணவரிடமே ஒப்படைத்தனர்.

1972இல் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் லிஸ்டர் ஹில் மையம் இம்மூன்று மையங்களின் நிரல்களையும் தொலைபேசி இணைப்புகள் வழியாகப் பிற கல்லூரிகளுக்கு வழங்கத் தொடங்கியது. இணையம் பொதுமக்களை எட்டுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு நகரத்து மாணவர் வேறொரு நகரத்துக் கணினிக்குள் இருந்த பாவனை நோயாளியை விசாரித்தார். 1975இல் நூலகத்தின் நிதியுதவி நின்றது. அதன்பின் பயன்படுத்துவோரே செலவை ஏற்கவேண்டியதாயிற்று. ஊடாடும் கல்விக்கருவிகளின் வரலாற்றில் அறிவுசார் தடைகளுக்கு இணையாகப் பணமும் முடிவுகளை எடுத்திருக்கிறது என்பதை ஆய்வாளர் மறக்கலாகாது.

4. 1978: மருத்துவர் உண்மையில் எப்படிச் சிந்திக்கிறார்?

இந்நிரல்கள் அனைத்துக்கும் அடியில் ஓர் அனுமானம் இருந்தது. நல்ல மருத்துவர் தகவல்களை முறையாக, முழுமையாகத் திரட்டி, இறுதியில் முடிவுக்கு வருவார் என்பதே அது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் எல்ஸ்டைன், லீ ஷுல்மன், சாரா ஸ்ப்ராஃப்கா ஆகியோர் இந்த அனுமானத்தைச் சோதித்தனர். நடிப்புப் பயிற்சி பெற்றவர்கள் நோயாளிகளாக வந்தனர். மருத்துவர்கள் அவர்களை விசாரிக்கும்போது என்ன நினைத்தனர் என்பது பதிவாயிற்று. அதன் முடிவுகள் 1978இல் நூலாக வெளிவந்தன.

இரண்டு கண்டுபிடிப்புகள் இங்கே முக்கியம். முதலாவது: மருத்துவர்கள் முழுத் தகவலுக்காகக் காத்திருப்பதில்லை. உரையாடலின் தொடக்கத்திலேயே சில கருதுகோள்கள் அவர்கள் மனத்தில் எழுந்துவிடுகின்றன. அடுத்த கேள்விகள் அவற்றைச் சோதிக்கவே கேட்கப்படுகின்றன. மாணவரும் அப்படித்தான் செய்கிறார், தேர்ந்த மருத்துவரும் அப்படித்தான் செய்கிறார். இரண்டாவது: ஒரு நோயாளியிடம் திறமையாகச் செயல்பட்டவர் இன்னொரு நோயாளியிடமும் அவ்வாறே செயல்படுவார் என்று சொல்ல முடியவில்லை. எந்த நோய்க்கும் பொருந்தும் பொதுவான நோயறிதல் திறன் என்று ஒன்று தனியே புலப்படவில்லை. திறன் அந்தந்த நோய் பற்றிய அறிவோடு பிணைந்திருந்தது.

தாள்வழிச் சிக்கல்களின் பலவீனமும் இதே காலத்தில் வெளிப்பட்டது. அவற்றின் மதிப்பெண் முறை நிறையக் கேட்டவருக்கு நிறைய மதிப்பெண் தந்தது. அனுபவமுள்ள மருத்துவர் மூன்று கேள்விகளில் நோயை அறிந்தால் அவர் மதிப்பெண் இழந்தார். எல்லாவற்றையும் கேட்ட மாணவர் மதிப்பெண் பெற்றார். முழுமையைத் திறமையாகக் கருதிய பிழை அது. 1980களின் பிற்பகுதியில் தேசிய வாரியம் அத்தேர்வு முறையைக் கைவிட்டது.

5. லீட்ஸ்: கணினி விலகியபின் என்ன மிஞ்சியது?

அமெரிக்காவில் பாவனை நோயாளிகள் பெருகியபோது, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டிம் டி டோம்பல் உண்மையான நோயாளிகளோடு வேலை செய்தார். திடீர் வயிற்றுவலியோடு மருத்துவமனைக்கு வருவோரின் விவரங்களை ஒரு சீரான படிவத்தில் பதிந்து கணினிக்குத் தந்தனர். முன்பு வந்த நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு, பேயஸ் தேற்றத்தின்படி ஏழு நோய்நிலைகளுள் எது எந்த அளவு வாய்ப்புடையது என்று கணினி கூறியது. குடல்வால் அழற்சி, குடல் அடைப்பு, பித்தப்பை அழற்சி, கணைய அழற்சி ஆகியவை அவற்றுட் சில.

1972இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான முடிவு உலகை வியக்கவைத்தது. 304 நோயாளிகளில் கணினியின் துல்லியம் 91.8 விழுக்காடு, அந்நோயாளிகளைப் பார்த்த மூத்த மருத்துவரின் துல்லியம் 79.6 விழுக்காடு. இன்றும் இந்த இரு எண்களே மேற்கோளாகின்றன.

கல்வி வரலாற்றுக்கு வேண்டியது அவ்வளவாக மேற்கோள் காட்டப்படாத இரண்டாவது கட்டுரை. 1974இல் அதே குழு, கணினியைப் பற்றியன்றி மருத்துவர்களைப் பற்றி எழுதியது. ஆய்வு நடந்த காலத்தில் மருத்துவர்களின் சொந்த நோயறிதலே மேம்பட்டிருந்தது. அறுவைக்கு முன்பே குடல்வால் வெடித்துவிடும் நேர்வுகள் 36 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகக் குறைந்திருந்தன. 1972இல் ஆய்வு முடிந்து கணினி விலக்கப்பட்டபின் முன்னேற்றம் நீடிக்கவில்லை. போக்கு மீண்டும் பழைய திசைக்குத் திரும்பியது.

இதிலிருந்து இரண்டு பாடங்களைப் பெறலாம். கணினி இருந்தபோது மருத்துவர்கள் மேம்பட்டதற்குக் கணினியின் விடை மட்டும் காரணமாக இருந்திருக்க இயலாது. படிவம் கேள்விகளை ஒழுங்குபடுத்தியது. ஒவ்வொரு மருத்துவரும் தம் முடிவை எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. பின்னர் அது சரியா தவறா என்பது அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. சாதாரண மருத்துவமனை வாழ்வில் இம்மூன்றும் அரிது: இரவில் நோயாளியைச் சேர்த்த இளம் மருத்துவர், மறுநாள் அறுவையில் என்ன தெரிந்தது என்பதைப் பல வேளைகளில் அறிவதே இல்லை. ஏற்பாடு விலகியபின் திறன் சரிந்தது இரண்டாவது பாடம். பழகும் வரை மட்டுமே நிற்கும் திறன் முழுதாகக் கைவந்த திறன் ஆகாது.

1986இல் எட்டு மையங்களில் 16,737 நோயாளிகளை உள்ளடக்கிய பெரிய ஆய்வு வெளிவந்தது. தொடக்க நிலை நோயறிதலின் துல்லியம் 45.6 விழுக்காட்டிலிருந்து 65.3 விழுக்காடாக உயர்ந்தது. அந்த உயர்வில் எவ்வளவு கணினியால் வந்தது, எவ்வளவு படிவத்தாலும் பின்னூட்டத்தாலும் வந்தது என்ற விவாதம் பின்னரும் தொடர்ந்தது. அந்த விவாதம் எழுந்ததே நமக்குப் போதுமான செய்தி.

6. மைசினிடம் மாணவர்கள் ஏன் கற்க முடியவில்லை?

1970களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஷார்ட்லிஃப் உருவாக்கிய ‘மைசின்’, செயற்கை நுண்ணறிவின் வரலாற்றில் புகழ்பெற்ற நிரல். இரத்தத் தொற்றுக்கும் மூளையுறை அழற்சிக்கும் எந்த எதிருயிரி மருந்து தகும் என்பதை நூற்றுக்கணக்கான விதிகளைக் கொண்டு அது பரிந்துரைத்தது. 1979இல் வெளியான ஒரு மதிப்பீட்டில், பத்து மூளையுறை அழற்சி நோயாளிகளுக்கான பரிந்துரைகளை, எது யாருடையது என்று தெரிவிக்காமல், எட்டு வல்லுநர்கள் ஆராய்ந்தனர். மைசினின் பரிந்துரைகள் 65 விழுக்காடு ஏற்கத்தக்கவையாக மதிப்பிடப்பட்டன. ஸ்டான்ஃபோர்டின் தொற்றுநோய்த் துறைப் பேராசிரியர்கள் பெற்றது 42.5 முதல் 62.5 விழுக்காடு வரை.

இவ்வளவு அறிந்த நிரல் கற்பிக்கவும் வல்லதாயிருக்கும் என்ற எதிர்பார்ப்பு இயல்பானதே. வில்லியம் கிளான்சி அதே விதிகளின் மேல் ‘கைடன்’ என்ற ஆசிரியர் நிரலைக் கட்டினார். 1979இல் அது அவருடைய முனைவர் பட்ட ஆய்வாக நிறைவுற்றது. மாணவர் நோயாளியைப் பற்றிக் கேள்வி கேட்பார், தம் கருதுகோளைச் சொல்வார். அதே தகவல்களிலிருந்து மைசின் என்ன முடிவுக்கு வந்திருக்கும் என்பதோடு ஒப்பிட்டுக் கைடன் அவரைத் திருத்தும்.

எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. மைசின் ஏன் அப்படிச் சொன்னது என்று கேட்டால் அது ஒரு விதியைக் காட்டும். அந்த விதி ஏன் உண்மை என்று கேட்டால் அதனிடம் சொல்ல ஒன்றுமில்லை. கிளான்சி 1983இல் எழுதிய கட்டுரையில் இதற்கு எடுத்துக்காட்டுகள் தந்தார். எட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு டெட்ராசைக்ளின் தரலாகாது என்பது ஒரு விதி. அம்மருந்து வளரும் எலும்பிலும் பல்லிலும் படிந்து பற்களை நிறம்மாற்றும் என்பதே அதன் காரணம். விதியைப் பின்பற்ற அக்காரணம் நிரலுக்குத் தேவைப்படவில்லை. ஆகவே எங்கும் எழுதப்படவில்லை. மாணவருக்கோ அக்காரணமே விதியை நினைவில் நிறுத்தும் கொக்கி.

இன்னொரு எடுத்துக்காட்டு இன்னும் நுட்பமானது. நோயாளி 17 வயதைக் கடந்தவர், மதுப்பழக்கம் உள்ளவர் என்றால் ஒரு குறிப்பிட்ட நுண்ணுயிரி காரணமாக இருக்கலாம் என்று ஒரு விதி கூறும். வயதுக்கும் அந்த நுண்ணுயிரிக்கும் என்ன தொடர்பு? எதுவுமில்லை. சிறுவனைப் பார்த்து மது அருந்துவாயா என்று கணினி கேட்டுவிடக் கூடாது என்பதற்காக விதியை எழுதியவர் வயதை முதலில் வைத்தார். அதாவது, எந்தக் கேள்வியை எப்போது கேட்பது என்ற நடைமுறை அறிவு விதியின் சொல்வரிசைக்குள் ஒளிந்திருந்தது. அதை விதியாகவே படிக்கும் மாணவர் இல்லாத ஒரு மருத்துவ உண்மையைக் கற்றுக்கொள்வார்.

மைசின் கருதுகோளிலிருந்து பின்னோக்கிச் சென்று, தொடர்புடைய எல்லா விதிகளையும் சலித்துப் பார்க்கும் முறையில் இயங்கியது. எல்ஸ்டைன் குழு கண்ட மருத்துவரோ சில குறிப்புகளிலிருந்து முன்னோக்கித் தாவி, பிறகு சோதிப்பவர். மாணவரின் மனம் மருத்துவரின் மனத்தைப் போன்றது. மைசினின் வழியைப் பின்தொடர அதனால் இயலவில்லை. எனவே கிளான்சி குழுவினர் ‘நியோமைசின்’ என்ற புதிய அமைப்பை எழுதினர். அதில் நோய்களைப் பற்றிய அறிவு ஒருபுறமும், கேள்விகளை வரிசைப்படுத்தும் உத்தி மறுபுறமும் தனித்தனியே எழுதப்பட்டன. சிகிச்சைப் பரிந்துரைக்கு வேண்டாத அந்த உத்தியைக் கற்பிக்கும் தேவையே வெளிக்கொணர்ந்தது. லெட்லியும் லஸ்டெட்டும் எழுத முடியும் என்று நம்பியதன் ஒரு பகுதி, ஆசிரியர் நிரல் ஒன்று தோற்றதால் எழுதப்பட்டது.

7. அருள்வாக்கின் முடிவு

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ‘இன்டர்னிஸ்ட்’ நிரல் 500க்கும் மேற்பட்ட நோய்களை அறிந்திருந்தது. அதை உருவாக்கியோருள் ஒருவரான ராண்டால்ஃப் மில்லர், 1990இல் மற்றொருவருடன் இணைந்து எழுதிய கட்டுரையில் அந்த அணுகுமுறையையே விமர்சித்தார். விவரங்களைக் கொடுத்துவிட்டுக் கைகட்டி நின்று விடைக்காகக் காத்திருக்கும் முறையைப் பண்டைய கிரேக்கரின் அருள்வாக்குக்கு ஒப்பிட்டு, அதன் காலம் முடிந்தது என்றார். மருத்துவர் செயலற்ற பார்வையாளராவதை அவர் ஏற்கவில்லை.

உட்டா பல்கலைக்கழகத்தில் ஹோமர் வார்னர் குழுவின் ‘இலியட்’ நிரல் பாவனை நோயாளிகளைக் கொண்டு மாணவர்களுக்குப் பயிற்சி தந்தது. 1991இல் வெளியான அதன் மதிப்பீட்டில், மாணவர்கள் தாம் பயின்ற நோய்வகைகளில் குறைவான பிழைகளே செய்தனர். நோயறிதல் திறன் அந்தந்த நோயோடு பிணைந்தது என்ற 1978ஆம் ஆண்டு முடிவோடு இது ஒத்துச் செல்கிறது. நல்ல பயிற்சி என்பது பல நோயாளிகள், பலவகை நோய்கள், ஒவ்வொன்றிலும் விளைவின் அறிவிப்பு என்பதே அதன் உட்பொருள்.

1999இல் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் மூன்றாம் படிநிலையில் கணினிவழி நோயாளிகள் இடம்பெற்றனர. தேர்வர் தம் ஆணைகளைத் தாமே தட்டச்சு செய்யவேண்டும். தேர்ந்தெடுக்கப் பட்டியல் முன்னே விரிந்திருக்காது. திரையில் ஒரு பாவனைக் கடிகாரம் நகரும். ஆய்வு முடிவு வரக் காத்திருக்கும் நேரத்தில் நோயாளியின் நிலை மாறும். கட்டிலருகே தேர்வைக் கைவிட்டு ஏறத்தாழ 35 ஆண்டுகள் கழித்து, கேட்கும் பொறுப்பும் காலத்தின் அழுத்தமும் தேர்வுக்குள் மீண்டும் வந்தன.

8. நமக்கு இதில் என்ன?

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு சேர்க்கையிலிருந்து எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் திறன்சார் கல்வியாக மாற்றப்பட்டது. கல்லூரிகளில் திறன் ஆய்வகங்கள் வேண்டும் என விதிக்கப்பட்டது. மறுபுறம், மாணவரின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் நீட் முதுநிலைத் தேர்வு 2013 சேர்க்கை முதல் கணினிவழியே நடக்கிறது. அதில் கணினி விடைத்தாளாக மட்டுமே பயன்படுகிறது. வயது, வலி, காய்ச்சல், இரத்த ஆய்வு, படம் என எல்லா விவரங்களும் வினாவிலேயே திரட்டித் தரப்பட்டிருக்கும். மாணவர் நான்கிலிருந்து ஒன்றைத் தேர்வார். எதைக் கேட்பது என்ற வேலையை வினாத்தாள் தயாரித்தவரே முடித்துவிடுகிறார். ஹார்லஸ் 1971இல் மாணவரிடம் ஒப்படைத்த அந்தப் பாதி வேலை நம் தேர்வில் இல்லை. தேர்வு எதைக் கேட்கிறதோ அதையே மாணவர் பயில்வார். இதற்கு மாணவரைக் குறைசொல்லிப் பயனில்லை.

நம்முடைய அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு மாணவர் ஒரே மாதத்தில் காணும் நோய்வகைகள் பிற நாட்டு மாணவருக்குப் பல வேளைகளில் கிட்டாதவை. குறைவது நோயாளிகளின் எண்ணிக்கையன்று. தம் முடிவை முன்கூட்டியே எழுதிவைப்பதும், அது என்னவாயிற்று என்று திரும்ப அறிவதுமே. லீட்ஸில் இதற்குத் தேவைப்பட்டவற்றுள் முதன்மையானது ஒரு படிவம்.

புதிய உரையாடல் செயலிகளையும் இதே அளவுகோலால் மதிப்பிடலாம். அவை ஹார்லஸ் கனவு கண்ட நோயாளியாக மாணவர் முன் அமர முடியும். எந்த மொழியிலும், எந்தச் சொற்களில் கேட்டாலும் விடை சொல்ல முடியும். பட்டியலற்ற விசாரணை இன்று மலிவானது. அதே செயலி, முழு விவரத்தையும் உள்ளிட்டால் ஒரு நொடியில் விடையையும் தந்துவிடும்; மாணவர் கேட்கவும் வேண்டாம், முடிவெடுக்கவும் வேண்டாம். ஒரே கருவி பாவனை நோயாளியாகவும் இருக்கலாம், அருள்வாக்காகவும் இருக்கலாம். எதுவாக அமையும் என்பதைக் கல்லூரியும் பாடத்திட்டமும் தேர்வும் தீர்மானிக்கும். அது தரும் விளக்கத்தையும் மைசினின் விதியைப் போலவே ஐயத்தோடு அணுகவேண்டும்: சரியான முடிவுக்குத் துணைநின்ற கூற்றெல்லாம் மாணவர் மனத்தில் பதியவேண்டிய காரணமாகிவிடாது.

எனவே, நோயறிதலைக் கற்பிப்பதாகக் கூறும் எந்தக் கணினி ஏற்பாட்டிடமும் வரலாறு மூன்று வினாக்களை எழுப்பச் சொல்கிறது. கேள்வியை யார் நினைத்தார்? முடிவை மாணவர் எப்போது சொன்னார்? விளைவு அவருக்குத் தெரிந்ததா? 16,737 நோயாளிகளின் ஆய்வும், கைடனின் தோல்வியும், கைவிடப்பட்ட தேர்வுத்தாள்களும் நமக்கு விட்டுச்சென்றவை இவை. மருத்துவக் கல்லூரிகளில் பணியாற்றும் நண்பர்கள் தங்கள் துறையில் இம்மூன்றும் எவ்வாறு நடக்கின்றன என்பதை எழுதினால், இவ்வரலாற்றின் இந்தியப் பக்கத்தை எழுத அது உதவும்.